பெண்டுலம் நடந்த தூரம்

மூன்றாம் நாள் பெண்டுலம் கூடுதலாக நடந்துவிட்டது.

"ஐயாயிரத்து இருநூத்திப் பதினாலு," என்று கைபேசியைப் பார்த்துப் படித்தாள் மனைவி.

ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்த கடிகாரக்காரரின் கை அப்படியே நின்றது. "சரியாப் பாத்தியா?"

"நாலு எண்ணுதானே, இது கூடவா எனக்குப் படிக்கத் தெரியாது? ஏன், நீங்க எவ்வளவு நடந்தீங்க?"

"நான் என்ன எண்ணிக்கிட்டா நடக்கறேன்?"

உண்மையில் எண்ணித்தான் வைத்திருந்தார். அவர் கடையில் மாட்டியிருக்கும் பெரிய சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலம் நொடிக்கு ஒரு தடவை ஆடும். நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் மூவாயிரத்து அறுநூறு ஆட்டம். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அடி எண்ணும் பட்டையை அதில் கட்டிவிட்டுப் பின்னறை பெஞ்சில் ஒரு மணி நேரம் கண்ணசந்தால் மூவாயிரத்து அறுநூறு அடி வர வேண்டும். அதிகப்படி ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் எங்கிருந்து முளைத்தது என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

விஷயம் இதுதான். கடிகாரக்காரருக்குச் சர்க்கரை. ஐந்து வருடமாக அது பாட்டுக்கு அது இருந்தது, அவர் பாட்டுக்கு அவர் இருந்தார். இந்த முறை ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். அவருக்கு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு.

"உக்காந்தே வேலை பாக்கறீங்க. மாத்திரை மட்டும் போதாது. தினமும் ஒரு மணி நேரம் நடங்க. மூணு மாசம் பாப்போம். நீங்க நடக்கலைன்னா அப்புறம் ஊசிதான்."

ஊசி என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முகத்தில் ஈயாடவில்லை. தலைமுடி கனத்தில் இருக்கும் கம்பிச்சுருளை இடுக்கியால் பிடித்துக் கைக்கடிகாரத்துக்குள் வைக்கிற கை அவருடையது. ஆனால் ரத்தம் எடுக்க ஊசியைக் காட்டினால் ஆள் விழுந்துவிடுவார். போன தடவை நர்ஸ்மேலேயே விழுந்தார்.

டாக்டர் அந்தப் பட்டையைக் கொடுத்தார். நடக்கும்போது மட்டும் கட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை அடி என்பது கிளினிக்குக்கும் போகும், வீட்டில் ஒருவர் கைபேசிக்கும் போகும். கடிகாரக்காரரிடம் இருந்தது பொத்தான் போன். அதனால் மனைவியின் கைபேசியில் இணைத்தார்கள்.

"நடக்கறதுலயும் முறை இருக்கு," என்றார் டாக்டர். மனைவி உடனே தைக்கிற துணிக்கு அளவு எழுதும் நோட்டை எடுத்துக்கொண்டாள். "வெறும் வயித்துல போகக் கூடாது. கிளம்பறதுக்கு முன்னாடி சர்க்கரை பாத்துக்கணும், குறைவா இருந்தா சாப்பிட்டுட்டுதான் கிளம்பணும். பையில எப்பவும் குளுக்கோஸ் இருக்கணும். கை நடுங்குது, குப்புனு வேர்க்குதுன்னா அங்கேயே உக்காந்து வாயில போட்டுக்கணும். நல்ல ஷூ போடணும். ராத்திரி கால் ரெண்டையும் திருப்பிப் பாக்கணும், சின்னக் கொப்புளம்கூட இருக்கக் கூடாது. முக்கியமா, தனியாப் போகாதீங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். "நானும் உங்ககூட வரட்டுமாங்க?"

"நீ வந்தா உன் வேகத்துக்கு நான் நின்னு நின்னு போகணும். நான் நடக்கறதா, உன்னை இழுத்துக்கிட்டுப் போறதா?"

அவள் நோட்டைப் பைக்குள் வைத்தாள். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி இருந்தால், கடிகாரக்காரர் தன் வாழ்நாளில் வாங்கிக்கொள்ள விரும்பும் சொல் இது ஒன்றுதான். அன்று அது அவருக்குத் தெரியவில்லை. நல்ல பதில் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு நடந்தார்.

நடக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கடைக்கு எதிரே பூங்கா. முதல் நாள் நாலு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, புது ஷூ சத்தம் போட, கம்பீரமாகத்தான் போனார். பாதிச் சுற்றில் மூச்சு வாங்கியது. முக்கால் சுற்றில் முழங்கால் கெஞ்சியது. பூங்காவில் நடக்கிற கிழவர் ஒருவர் அவரை இரண்டு தடவை தாண்டிப் போனார். மூன்றாம் தடவை அந்தக் கிழவர் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தபோது, கடிகாரக்காரர் கடைக்குத் திரும்பிவிட்டார். உள்ளே பெரிய கடிகாரத்தின் பெண்டுலம் மூச்சு வாங்காமல் ஆடிக்கொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து பட்டையை எடுத்துப் பார்த்தார். பெண்டுலத்தைப் பார்த்தார். பூங்காவில் பட்டையைப் போட்டுக்கொள்ளவே மறந்து, பையில் வைத்தபடியே நடந்திருந்தார்.

அன்று மாலை மனைவி கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன காட்டுது?" என்றார் அவர், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"நீங்க எவ்வளவு இருக்கும்னு நினைக்கறீங்க?"

"ஒரு மூவாயிரத்து அறுநூறு?"

"அப்படித்தான் இருக்கு," என்று சொல்லிக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டாம் நாளும் அதே மூவாயிரத்து அறுநூறு. அன்று இரவு கிளினிக்கிலிருந்து போன் வந்தது. மனைவி அதைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வந்தாள். "சும்மா விசாரிச்சாங்க," என்றாள். மூன்றாம் நாள்தான் இந்த ஐயாயிரத்து இருநூற்றுப் பதினாலு.

நாலாம் நாள் காலையில் முதல் வேலையாகப் பெரிய கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் போட்டார். பெண்டுலம் வேகமாக ஆடியிருந்தால் கடிகாரம் முன்னால் ஓடியிருக்க வேண்டும். பார்த்தால் இரண்டு நிமிடம் பின்னால் நின்றது. அடி கூடுகிறது, நேரம் குறைகிறது. இப்படி ஒரு நோயை அவர் எந்தக் கடிகாரத்திலும் பார்த்ததில்லை. பட்டையின் கனத்தால்தான் என்று முடிவு செய்து பெண்டுலத்தின் அடியிலிருக்கும் திருகை ஒரு சுற்று ஏற்றிவைத்தார்.

அன்று ஐயாயிரத்து முந்நூற்று எண்பது. கடிகாரம் மறுபடியும் இரண்டு நிமிடம் தாமதம்.

பட்டையைச் சின்னக் கடிகாரத்துக்கு மாற்றினார். அதன் குட்டிப் பெண்டுலம் நொடிக்கு இரண்டு ஆடும். ஏழாயிரத்துக்குமேல் வந்தாக வேண்டும். ஐயாயிரத்து நூறுதான் வந்தது. சோம்பேறித்தனமாக ஆடும் நெட்டைக் கடிகாரத்தில் கட்டினார். ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது.

அரை நொடி பிசகினால் சாப்பாடு இறங்காத மனிதர் அவர். அப்படிப்பட்டவர் இதை ஆராயாமல் விட்டது ஏன் என்று கேட்டால், பிசகு அவருக்குச் சாதகமாக இருந்தது, அவ்வளவுதான். "இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா ஒரு சாமான் செய்யறான்," என்று பட்டை செய்தவர்களைத் திட்டிவிட்டுப் பெரிய கடிகாரத்துக்கே திரும்பினார். மேசை இழுப்பறையில் திருப்புளிகளுக்கு நடுவே ஒரு குளுக்கோஸ் பாக்கெட் கிடந்தது. இதை எப்போது இங்கே வைத்தோம் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு இழுப்பறையை மூடினார்.

பக்கத்துக் கடை சாவிக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். பாதி இறக்கிய ஷட்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே.

"நீங்க நிம்மதியாத் தூங்குங்கண்ணே," என்பார் அவர், சாவிக்கு அரம் போட்டுக்கொண்டே. "கடைக்குள்ள தெரியாத ஆளு ஒருத்தரும் வரமாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

ஐந்து மணிக்குக் கடையிலிருக்கும் முப்பது கடிகாரமும் சேர்ந்து அடித்து அவரை எழுப்பும். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தால் சாவிக்காரர் சிரிப்பார். "இன்னிக்கு நடை நல்ல வேகம்ணே. அஞ்சு சுத்துக்குக் குறையாது."

"கிண்டல் பண்ணாதேய்யா."

"கிண்டல் இல்லண்ணே. சத்தியமாச் சொல்றேன்."

வீட்டில்தான் தொல்லை. டாக்டர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மனைவி விடவில்லை. நோட்டுத் தாளைக் கிழித்து அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். தினமும் இரவு அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, தையல் விளக்கைப் பக்கத்தில் இழுத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பாள்.

"அப்பழுக்கில்லாம இருக்குங்க," என்றாள் இரண்டாம் வாரம். "இவ்வளவு நடக்கற காலு மாதிரியே இல்ல."

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் பெஞ்சில் படுப்பதற்கு முன் ஷூவைக் கழற்றி அடிப்பாகத்தில் அரம் போட்டார். கடிகாரத்துக்கு உரிய மெல்லிய அரம். ரப்பர் எளிதில் தேயவில்லை. பத்து நாள் பொறுமையாக வேலை பார்த்தார்.

மனைவி ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தாள். "ஏங்க, நுனி மட்டும் தேஞ்சிருக்கு. குதிகால் புதுசா இருக்கு. நுனிக் கால்லயா நடக்கறீங்க?"

"வேகமா நடந்தா அப்படித்தான்."

"ஓ," என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. இருமல் என்று அவர் நினைத்தார். அந்த வாரக் கடைசியில் அவருக்கு இன்னும் நல்லதாக, அடி தடித்ததாக வேறு ஷூ வாங்கிக் கொடுத்தாள். அதற்கு அரம் போட இன்னும் நேரம் பிடித்தது.

அவருடைய கால் பரிசோதனை முடிந்ததும் அவள் ஒரு ஓரமாக உட்கார்ந்து தன் குதிகாலில் எண்ணெய் தேய்ப்பதை அவர் பார்த்தார். "உனக்கு என்ன?" என்றார்.

"செருப்பு கடிக்குது."

"வேற செருப்பு மாத்தவேண்டியதுதானே," என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். எழுந்து போய் என்னவென்று பார்த்திருக்கலாம். இரண்டு எட்டு தூரம்கூட இல்லை.

இது போதாதென்று இன்னொன்றும் சொல்லிவைத்தார். மனைவி வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்பவள். சொன்ன நாளில் துணி கொடுப்பாள் என்று பேர் எடுத்தவள். சமீபகாலமாக ஆட்கள் வாசலில் வந்து நின்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "சாயங்காலமானா நீ வேலையே பாக்கறதில்ல போலிருக்கு. நான் நடக்க ஆரம்பிச்சேன், நீ சோம்பேறி ஆயிட்ட."

"ஆமாங்க," என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. "என்னவோ சாயங்காலமானா உடம்பு அசந்துபோகுது."

உள்ளுக்குள் அவருக்கு உறுத்தல் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் ஷட்டரை இறக்கும்போது, இன்று வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைப்பார். போனால், அவள் அந்த எண்ணைப் படித்துக் காட்டி, "பரவாயில்லையே நீங்க," என்பாள். கல்யாணமான புதிதில், நின்றுபோன அவள் அப்பாவின் கடிகாரத்தை அவர் ஓடவைத்தபோது அப்படிச் சொன்னாள். அதற்கப்புறம் இப்போதுதான். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் ஒரு நாள் தள்ளிப்போடுவார். தனக்குக் கிடைக்க வேண்டியதல்ல என்று தெரிந்தும் தினமும் வாங்கிக்கொண்டார்.

மூன்று மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது மறுபடியும் பரிசோதனை. டாக்டர் தாளையும் பார்த்தார், திரையில் அடிக் கணக்கையும் பார்த்தார். முகத்தில் குழப்பம்.

"முதல் ரெண்டு நாளைத் தவிர தினமும் ஐயாயிரத்துக்கு மேல. ஒரு நாள் விடல. எங்க நோயாளிகள்ல நீங்கதான் முதல். ஆனா சர்க்கரை இம்மிகூட இறங்கல. சாப்பாட்டுல ஏதாவது?"

"அளந்துதான் போடறேன் டாக்டர்," என்றாள் மனைவி.

"அப்ப மருந்து போதல. மாத்திரையைக் கூட்ட வேண்டியதுதான்."

கடிகாரக்காரர் வேகமாகத் தலையாட்டினார். அதே சமயம் மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "டாக்டர், ஒரு விஷயம் சொல்லணும். அந்த நடை..."

இவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ஷூவைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. "கூட்டிடுங்க டாக்டர்," என்று குறுக்கே விழுந்தார். "அதுக்குத்தானே வந்திருக்கோம். அவளுக்கு என்ன தெரியும்?"

மனைவி நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தாள். டாக்டர் எழுதினார். "இது சர்க்கரையைச் சட்டுனு இறக்கக்கூடியது. சாப்பிடாம நடந்துடாதீங்க, ஆபத்து. குளுக்கோஸ் கையிலேயே இருக்கணும்."

வழியில் மனைவி சொன்னாள், "நாளையிலிருந்து ரெண்டு பேரும் சேந்தே நடக்கலாங்க. நான் மெதுவா நடக்கமாட்டேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம்? உன் வேலையே தேங்கிக் கிடக்கு," என்றார். இரண்டாம் முறையும் கதவு திறந்தது. இரண்டாம் முறையும் அவரே சாத்தினார்.

அதற்கப்புறம் கணக்கு விசித்திரமாக இறங்க ஆரம்பித்தது. நாலாயிரம். இரண்டாயிரத்து எண்ணூறு. ஆயிரத்து ஐந்நூறு. பெண்டுலம் என்னவோ அதே பெண்டுலம்தான். எண்ணெய் போட்டார், பல்சக்கரத்தைத் துடைத்தார், அரை மணி கூடுதலாகத் தூங்கினார். தொள்ளாயிரம்.

"நடை குறைஞ்சா டாக்டர் மாத்திரையையும் குறைச்சிடுவாங்க, இல்லையா?" என்று மனைவி ஒரு நாள் கேட்டாள்.

"குறைச்சிட்டு ஊசியைப் போடுவாங்க," என்றார் அவர் எரிச்சலோடு.

டாக்டர் மாத்திரையைக் குறைக்கவும் இல்லை, ஊசியை எடுக்கவும் இல்லை. நல்ல மனசுக்காரர். முதல் ஆளுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது, ஊக்கம் கொடுக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவில் சர்க்கரைக்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து நடக்கிறார்கள். முன்னால் நடந்து வழிகாட்டப் போகிறவர் கடிகாரக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு மாத்திரையையும் முழுங்கினார். ரொட்டித் துண்டு தொண்டையில் இறங்கவில்லை. நாற்பது பேர் முகமும் முன்னால் வந்து நின்றது. மனைவி துணி மடிக்கப் போன சமயம் பார்த்து ரொட்டியை ஜன்னலுக்கு வெளியே பறவைகளுக்குப் போட்டுவிட்டார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"சர்க்கரை பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. நல்லா இருக்கு."

அவள் வாசலை மறித்தாற்போல் நின்றாள். "இன்னிக்குப் போக வேண்டாங்க. கால் சுளுக்கிடுச்சுன்னு சொல்லிடலாம்."

"பொய் சொல்லச் சொல்றியா?" என்றார் கடிகாரக்காரர். சொன்ன பிறகு அவருக்கே தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குனிந்து ஷூ நாடாவை இன்னொரு தடவை கட்டினார்.

பூங்காவில் டாக்டர் நாலு வார்த்தை பேசினார். மூன்று மாதம் ஒரு நாள்கூட விடாமல் நடந்தவர் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவரைத் தாண்டித் தாண்டிப் போன அந்தக் கிழவரும் கூட்டத்தில் இருந்தார். அவர் மட்டும் கைதட்டாமல் இவரை உற்று உற்றுப் பார்த்தார். கடிகாரக்காரர் பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டார். வாங்கிய நாளிலிருந்து அது அவர் மணிக்கட்டைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

முதல் சுற்று மானத்தால் நடந்தது. இரண்டாம் சுற்றில் நெற்றி ஜில்லென்று வேர்த்தது. விரல்கள் நடுங்கின. நெஞ்சுக்குள் முப்பது கடிகாரமும் ஒரே சமயத்தில் அடித்தன.

"எப்படி வேர்க்க விறுவிறுக்க நடக்கறார் பாருங்க," என்று பின்னால் யாரோ மெச்சிக்கொண்டார்கள்.

அவருக்குப் பாதை இரண்டாகத் தெரிந்தது. இரண்டில் நல்லதாகத் தெரிந்ததைப் பிடித்துப் பூச்செடிகளுக்குள் இறங்கினார். வழிகாட்டி இறங்கினால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று நாற்பது பேரும் வரிசையாகப் பின்னாலேயே இறங்கினார்கள். குளுக்கோஸ் என்ற நினைப்பு அவருக்கு அப்போதுதான் வந்தது. பையில் கையை விட்டார். கைக்குட்டை இருந்தது. குளுக்கோஸ் கடை இழுப்பறையில், திருப்புளிகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது.

முழங்கால் மடங்கியபோது ஒரு கை அவர் தோளைப் பிடித்தது. இன்னொரு கை, ஏற்கெனவே பிரித்துத் தயாராக வைத்திருந்த பாக்கெட்டை அவர் வாயருகே கொண்டுவந்தது.

"வாயைத் திறங்க."

"நீ எங்க இங்க..."

"முதல்ல முழுங்குங்க."

மண்ணில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்தார். நாற்பது பேரையும் தாண்டி ஓடி வந்திருக்கிறாள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

கிளினிக்கில் படுக்கவைத்து விரலில் குத்திப் பார்த்தார்கள். மயங்கி விழக்கூட அவருக்குத் தெம்பில்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பு நிதானத்துக்கு வந்தது. டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தினமும் நடக்கறவருக்கு ரெண்டு சுத்துல இப்படி ஆகாதே. என்ன நடந்துச்சு?"

கடிகாரக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் ஒரு நாள்கூட ஒழுங்கா நடக்கல டாக்டர். பட்டையைப் பெண்டுலத்துல கட்டிட்டுப் பின்னால படுத்துத் தூங்கினேன். கடிகாரம்தான் நடந்துச்சு."

டாக்டர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். "நான் அந்த எண்ணை நம்பித்தானே ஐயா மாத்திரையைக் கூட்டினேன். இன்னிக்கு நீங்க தனியா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?"

"தெரியும்." திரும்பி மனைவியைப் பார்த்தார். கட்டிலை ஒட்டிய நாற்காலியில் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "உன்னையும் ஏமாத்திட்டேன். மூணு மாசமா நீ என் காலைப் பாத்துப் பாத்துச் சந்தோஷப்பட்ட. அன்னிக்கு நீ கூட வரட்டுமான்னு கேட்டப்ப வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இது எதுவுமே இல்ல. நாளைக்கு நடக்கலாம். நீ எவ்வளவு மெதுவா வந்தாலும் சரி."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபதை நெருங்கும் மனிதர், வெட்கப்படாமல் அழுதார்.

"என்மேலயும் தப்பு இருக்குங்க," என்றாள் மனைவி மெல்ல. "அன்னிக்கு நீங்க தடுத்தாலும் டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கணும்."

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர். அவள் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். செருப்பு அடி தேய்ந்து தகடாகியிருந்தது. அறுந்த வாரைத் தையல் நூலால் மூன்று இடத்தில் தைத்திருந்தாள். ஒரு குதிகாலில் துணிக்கட்டு.

கடிகாரக்காரர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு கடித்தால் இந்த இடத்தில் கடிக்காதே என்று ஏதோ ஒன்று மனதுக்குள் ஓட ஆரம்பித்தது.

பட்டைகளுக்குப் பொறுப்பான நர்ஸ், அவர் கையிலிருந்து கழற்றியதைக் கணினியில் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு அவர் விழுந்தது அவள்மேல்தான். நெற்றியைச் சுருக்கியபடி திரும்பினாள்.

"ஆனா டாக்டர், இது தோலைத் தொட்டுக்கிட்டு நாடி கிடைச்சாத்தான் எண்ணும், பெண்டுலத்துல நாள் பூரா தொங்கினாலும் ஒரு அடி ஏறாது. இதுல மூணு மாசமும் ஒரே ஆளோட நாடிதான் இருக்கு, இன்னிக்குக் காலைல மட்டும்தான் வேற யாரோ நடந்திருக்காங்க."